ஒரு துண்டு குறைந்த கேக்குகள்

முட்டையை உடைக்கிற சத்தத்திலேயே வீட்டுக்காரம்மாவுக்கு அவள் கோபம் பிடிபட்டுவிட்டது.

"பாத்திரம் நெளியப்போகுது. முட்டையைத்தானே உடைக்கச் சொன்னேன்?"

அவள் அடுத்த முட்டையை இன்னும் ஓங்கித் தட்டினாள். ஓட்டுத் துணுக்கு ஒன்று மஞ்சள் கருவோடு போய் விழுந்தது. அதை விரல்நுனியால் எடுத்தெறிந்துவிட்டு அடிக்க ஆரம்பித்தாள்.

கீழ்வீட்டுச் சமையலறையில் ஒரு பெரிய ஓவன் இருந்தது. மாடியில் இரண்டு அறைகளில் அவள் குடியிருந்தாள். கணவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். மகள் பத்தாம் வகுப்பு. குடிவந்த முதல் வருஷம், ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு, நல்லபேர் வாங்கலாம் என்று ஒரு கேக் சுட்டுக் கீழே கொடுத்தாள். அது விலைகொடுத்து வாங்கிய வினை. அடுத்த வருஷம் வீட்டுக்காரம்மா பன்னிரண்டு தகர டப்பாக்களை வாங்கி மேஜைமேல் அடுக்கிவிட்டு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் மூன்று நாள் அவளுக்குக் கீழேதான் வேலை.

பன்னிரண்டு வீடுகளுக்கு அந்தக் கேக் போனது. பன்னிரண்டு வீட்டிலும் அது வீட்டுக்காரம்மா கைப்படச் செய்தது. "இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்று டாக்டர் வீட்டம்மா ஒருமுறை வாசலில் நின்று சொன்னபோது அவள் மாடிப்படியில் வாளியோடு நின்றிருந்தாள். வீட்டுக்காரம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "அட, இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார்.

அந்தக் கை செய்த வேலை ஒன்று உண்டு. சாமான் அலமாரியின் சாவியை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து சர்க்கரையைக் கோப்பையில் அளந்து கொடுப்பது. கத்தியின் முதுகால் மேல்மட்டத்தை வழித்துவிட்டுத்தான் கொடுப்பார். வழித்ததை வாயில் போட்டுக்கொள்வார். சர்க்கரை வியாதி வந்து ஆறு வருஷமாகிறது, இனிப்பைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அவள் ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் தையல்காரி. கிழிந்த படுக்கைவிரிப்புகளுக்கு ஒட்டுப்போடுவது, தலையணை உறை தைப்பது. அங்கே அவளுக்கு 'ஊசி' என்று பெயர். அது அவள் வாய்க்காக வைத்தது. தையலுக்காக என்று மகளிடம் சொல்லியிருந்தாள். பதினோரு வருஷமாக அந்த வாயை மாடிப்படியிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் கீழே வருவாள்.

மாவைச் சலித்து வெண்ணெயில் கொட்டி, இரண்டு கையும் முழங்கை வரை மாவாக இருந்த நேரமாகப் பார்த்து வீட்டுக்காரம்மா சொன்னார்.

"லீவு முடிஞ்சதும் மாடியைக் காலி பண்ணிடுங்க. என் தங்கச்சி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. அவங்க வந்து இருக்கட்டும்."

அவள் கை நின்றது.

"கையை நிறுத்தாதே, மாவு இறுகிடும்."

"அம்மா, பொண்ணுக்குப் பரீட்சை இருக்கு. இன்னும் மூணு மாசம். ஸ்கூல் அடுத்த தெருவுல. பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே போயிடறோம்."

"எல்லா வீட்லயும்தான் பிள்ளைங்க படிக்குது."

"மூணே மாசம்மா."

வீட்டுக்காரம்மா கொத்தாக ஒரு பிடி உலர்ந்த திராட்சையை எடுத்துப் பார்த்தார். நாலை வாய்க்கு அனுப்பினார்.

"பாப்போம். இந்தத் தடவை பன்னெண்டுல ஒண்ணு கல்யாணப் பொண்ணு வீட்டுக்குப் போகுது. சம்பந்தியம்மா வாயைத் திறந்தா மூடமாட்டா. கேக்கு எப்படி வருதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

மாடியில் கணவன் வண்டிமசி படிந்த கையைச் சோப்புப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள்.

"மகாராணி பாப்போம்னா சொல்லுச்சு? அப்ப பாதி ஜெயிச்ச மாதிரி. நீ வாயைக் குடுக்காம நல்லாச் செஞ்சு குடு" என்றான். ஆனாலும் மறுநாள் டிப்போவில் இரண்டு பேரிடம் வீடு கேட்டு வைத்தான். அவன் எந்த வண்டிக்கும் மாற்று டயர் இல்லாமல் கிளம்பாதவன்.

அவள் நல்லாத்தான் செய்தாள். மூன்று நாளும் கண்கொத்திப் பாம்பாக ஓவன் முன்னால் நின்றாள். அந்த ஓவனின் பின்பக்கம் இடது மூலையில் சூடு அதிகம். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் ஒருபக்கம் கருகும். அது வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. ஒவ்வொரு கேக்கையும் எடுக்கும்போது குச்சியை விட்டுப் பார்த்தாள். குச்சி சுத்தமாக வந்தது. அப்போதெல்லாம் மூன்று மாசம், மூன்று மாசம் என்று மனசுக்குள் ஓடியது.

மூன்றாம் நாள் மதியம் பன்னிரண்டாவது கேக் ஓவனுக்குள் இருந்தபோது பெயிண்டர் வந்தார். காதில் பென்சில், கையில் நிற அட்டை.

"அம்மா, மாடி ரூமுக்கு எந்தக் கலர்னு சொல்லிட்டீங்கன்னா டப்பா வாங்கிடுவேன். லீவு முடிஞ்ச அடுத்த நாளே ஆரம்பிச்சிடலாம்ல?"

வீட்டுக்காரம்மா அவளைப் பார்க்காமல் அட்டையைப் புரட்டினார்.

"இளம் பச்சை. புதுசாக் கல்யாணம் ஆனவங்க. பச்சைதான் நல்லது."

"போன வாரம் ரோஸுன்னு சொன்னீங்களேம்மா?"

"அது போன வாரம்."

அவள் ஓவன் கதவைத் திறந்தாள். கேக் வெந்திருந்தது. எல்லாவற்றையும்விட அதுதான் நன்றாக வந்திருந்தது. "அம்மா, ஆறினதும் வழக்கம்போல மேல கொண்டுபோய்த் தைச்சிடறேன்" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

டப்பாக்களுக்குத் துணியுறை போட்டு விளிம்பைச் சுற்றிக் கையால் தைத்துக் கொடுப்பது அவள் வழக்கம். நூலை வெட்டினால்தான் மூடி திறக்கும். வீடுவீடாகப் போகிற வழியில் யாரும் உள்ளே கை விட்டுவிடக் கூடாது என்று வீட்டுக்காரம்மாவே கேட்டு வாங்கிய ஏற்பாடு அது.

அவளுடைய அம்மா ஒரு பெரிய வீட்டில் சமையல்காரியாக இருந்தவள். அம்மா கொடுத்த இனிப்பைத் தின்று அந்த வீட்டில் யாருக்கோ வாந்தி வந்துவிட, என்னத்தைக் கலந்தாய் என்று நடுக்கூடத்தில் நிறுத்திவைத்துக் கேட்டார்கள். மீதமிருந்ததை முழுக்க அம்மா அவர்கள் முன்னாலேயே தின்று காட்டினாள். அன்றையிலிருந்து அம்மா எதையும் முழுசாக யாருக்கும் கொடுத்ததில்லை. முதல் துண்டை வெட்டித் தான் தின்றுவிட்டு, மிச்சத்தைத்தான் கொடுப்பாள். நான் தின்றதைத்தான் உனக்குத் தருகிறேன் என்று அதற்கு அர்த்தம். அவளும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற கேக்கில் எப்போதும் ஒரு துண்டு இருக்காது. "ஊசி, எங்கே உன் பங்கு?" என்று கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டுக்காரம்மாவுக்கான பன்னிரண்டில் மட்டும் பதினோரு வருஷமாக அவள் கத்தி வைத்ததில்லை. அது அவள் கொடுப்பது அல்ல என்று விட்டிருந்தாள்.

அன்றைக்கு வைத்தாள். பன்னிரண்டிலும் விரல் தடிமனுக்கு ஒரு துண்டு. வெட்டினால் போதாது, தின்னவும் வேண்டும். மூன்றாவது துண்டில் ருசி போயிற்று. ஏழாவதில் தண்ணீர் குடித்தாள். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "எனக்கும் ஒண்ணு குடேன்மா" என்றாள்.

"உனக்கு இல்ல. இது நான்தான் திங்கணும்."

"பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றான் கணவன். "மகாராணிக்குக் கொம்பு சீவி விடறியா? இன்னும் ஒரு வார்த்தை கெஞ்சிப் பாத்திருக்கலாம்ல?"

"பச்சைக் கலர் வாங்கியாச்சு. நீ போய்க் கெஞ்சு."

பன்னிரண்டாவதைத் தின்று முடித்தபோது வயிறு கல்லாக இருந்தது. ஊசியில் நூல் கோத்துத் தைக்க உட்கார்ந்தாள். இத்தனை நெருக்கமாக அவள் எந்த வருஷமும் தைத்ததில்லை.

மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா ஒரு வாடகைக் காரில் டப்பாக்களை ஏற்றிக்கொண்டு போனார். மதியம் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். நாலு மணிக்குப் போன் அடிக்கத் தொடங்கியது. ஐந்து மணிக்கு, பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, மாடிப்படி ஏறி வந்தார். கையில் போன் இருந்தது. மூச்சு வாங்கியது.

"கேக்குல என்னடி பண்ணினே?"

"ஒரு துண்டு வெட்டினேன்மா."

"பன்னெண்டுலயுமா?"

"ஆமா. பன்னெண்டும் குடுக்கற கேக்குதானே?"

"எச்சிப் பண்டத்தையா நான் வீடு வீடாக் கொண்டுபோய் நீட்டினேன்?"

"கத்தியாலதாம்மா வெட்டினேன். பல்லால இல்ல."

மகள் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றாள். கணவன், "அம்மா, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். வீட்டுக்காரம்மா உட்காரவில்லை.

"டாக்டர் வீட்டுல எலி கடிச்சுதான்னு கேக்கறாங்க. சம்பந்தியம்மா, எங்களைப் பாத்தா எப்படித் தெரியுதுன்னு கேக்கறா. வீட்ல பேசிட்டுக் கூப்பிடறேன்னு வெச்சிட்டா. இப்பக் கூப்பிடுவா." மூச்சை இழுத்துக்கொண்டு குரலை இறக்கினார். "இதப் பாரு. நான் செஞ்ச கேக்கை மாடிக் குடித்தனக்காரி திருட்டுத்தனமா வெட்டித் தின்னுட்டான்னு சொல்லப்போறேன். போனை உன்கிட்டக் குடுப்பேன். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. பரீட்சை முடியற வரைக்கும் இருந்துக்க. பெயிண்டரை நான் நிறுத்திடறேன்."

கணவன் அவளைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை. மகளும் பார்த்தாள்.

போன் அடித்தது.

"எடுங்கம்மா" என்றாள் அவள். "பேசறேன். தின்னது நான்தான்னு சொல்றேன். செஞ்சதும் நான்தான்னு சேத்துச் சொல்றேன். பதினோரு வருஷத்துக் கேக்கும் நான்தான்னு சொல்றேன். ஒரு வார்த்தை எனக்குக் காணாது."

போன் நாலுமுறை, ஐந்துமுறை அடித்தது. அவள் கையை நீட்டினாள். வீட்டுக்காரம்மா போனை மார்போடு பிடித்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். பிறகு காதில் வைத்தார். குரல் வெண்ணெயாக உருகியது.

"சொல்லுங்க சம்பந்தி. அது வந்து... நான்தான். ஆமா, நானேதான் வெட்டித் தின்னேன். எல்லா வீட்டுக் கேக்குலயும்தான். ஆசை, அடக்க முடியல. ஆமா, சர்க்கரை இருக்குதான். ஐயோ, டாக்டர் வீட்டுல சொல்லிடாதீங்க."

எதிர்முனையில் சம்பந்தியம்மா சிரிக்கிற சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. சிரிப்பு நின்று மறுபடி தொடங்கியது. வீட்டுக்காரம்மாவும் இரண்டு முறை சிரித்தார். அவருடைய கழுத்து சிவந்து போயிருந்தது.

இப்படியும் ஒரு வழி இருக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. ஊர் சிரித்தாலும் சிரிக்கட்டும், அவள் பெயர் அந்தக் கேக்கில் ஒட்டக்கூடாது. அவ்வளவு வெறுப்பு அந்த அம்மாளுக்கு இருந்தது. அவளுக்கே ஒரு கணம் மலைப்பாக இருந்தது.

போனை வைத்துவிட்டு வீட்டுக்காரம்மா சொன்னார். "பெயிண்டர் நாளைக்குக் காலைல எட்டு மணிக்கே வருவார். சாமான் உள்ள இருந்தா சாமான் மேலயே அடிக்கச் சொல்வேன்."

படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் கணவன் நாற்காலியை எட்டி உதைத்தான்.

"ஒரு வார்த்தை. ஆமான்னு ஒரு வார்த்தை. அதைச் சொன்னா உன் வாய் வெந்துடுமா? மூணு மாசம்டி!"

"திருடின்னு ஒத்துக்கணுமா?"

"அந்தப் பொம்பள நம்மளை என்னன்னு நினைச்சா நமக்கென்ன?"

அவள் மகளைப் பார்த்தாள். "நீ சொல்லு. உங்கம்மா திருடியா?"

"என்கிட்டக் கேக்காதே" என்றாள் மகள். "பரீட்சை எனக்கு. ரெண்டு பஸ் மாறிப் போகப்போறது நான். என்கிட்டக் கேட்டா வெட்டினே?"

அவள் பரண்மேலிருந்து சாக்குகளை இறக்கினாள்.

மறுநாள் ஆறு மணிக்கு டிப்போ வேன் வந்தது. இரண்டு நடையில் சாமான்கள் போயின. பெயிண்டர் எட்டு மணிக்கு வந்து, அவர்கள் பெருக்கி முடிக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தார். கீழ்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சாவியைக் கணவன் பெயிண்டரிடம் கொடுத்தான். புது வீடு டிப்போவுக்குப் பின்னால் ஒரே அறை, தகரக் கூரை, குழாய் வெளியே. மகள் புத்தகங்களைத் தானே தூக்கிவந்து ஜன்னலடியில் அடுக்கினாள். மதியம் பருப்பும் சோறும் ஆக்கிவைத்துவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். விடுமுறையானதால் கிடங்கில் அவள் மட்டும்தான். இருபத்தாறு விரிப்புகளுக்கு ஒட்டுப்போட்டாள். ஒன்பது தலையணை உறை தைத்தாள். ஆறு மணிக்குக் கிடங்கைப் பூட்டினாள். பஸ் நிறுத்தத்தில் டிப்போவுக்குப் போகும் வண்டியின் எண்ணை ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வரிசையில் நின்றாள்.