மூட்டையில் வந்த நிலக்கரி

கொச்சி மட்டாஞ்சேரியில் வெங்கிடாசலத்தின் இஸ்திரி வண்டி ஒரு கரண்ட் கம்பத்தின் காலடியில் நிற்கிறது. மேலே விரித்த தார்ப்பாயின் கயிற்றை அந்தக் கம்பத்தில்தான் கட்டியிருக்கிறார். தலைக்கு மேல் அத்தனை கம்பிகள் ஓடுகின்றன, ஒன்றுகூட அவருக்குக் கிடையாது. கனெக்‌ஷன் கேட்டு மூன்று தடவை மனு எழுதினார். மூன்று தடவையும் ஒரே கேள்வி திரும்பி வந்தது: கட்டிட நம்பர் எங்கே? சக்கரம் வைத்த வண்டிக்கு எவன் கட்டிட நம்பர் கொடுப்பான்?

"சக்கரம் மண்ணுல பொதஞ்சு பதினாறு வருஷமாச்சு சாரே. இனி இது நகரவே நகராது" என்று கரண்ட் ஆபீஸில் கெஞ்சிப் பார்த்தார்.

"அப்போ அது ஆக்கிரமிப்பு" என்றார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். என்னத்தைச் சொல்ல! நகர்ந்தால் வண்டி, நகராவிட்டால் ஆக்கிரமிப்பு.

விருத்தாசலம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்து இறங்கியவர் அவர். முப்பத்தொரு வருஷமாகக் கரிப்பெட்டிதான். சிரட்டையை, அதான் கொட்டாங்கச்சியை, சுட்ட கரி இருந்தால் போதும், புகையில்லாமல் கனன்று கொண்டிருக்கும். இப்போது அந்தக் கரி குதிரைக்கொம்பாகிவிட்டது. தேங்காய் உடைக்கிற இடத்திலேயே சிரட்டையை வாங்கி, வெளிநாட்டுக்கு அனுப்ப கம்பெனிக்காரர்கள் லாரியோடு நிற்கிறார்கள். சிரட்டைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! கேஸில் சூடாகிற பெட்டி ஒன்று வாங்கினார். இரண்டாவது வாரம் எலி அதன் குழாயைக் கடித்துவிட்டது. அதோடு அவர் மனைவி பாக்கியலக்ஷ்மி அந்தப் பெட்டியைத் தொடவே விடவில்லை.

வண்டியை உயிரோடு வைத்திருந்தது, அக்கா முறை வைத்து அவர் 'இத்தா' என்று கூப்பிடுகிற ஜுமைலாவின் வீடு. வீடு கொள்ளாத ஆட்கள், எல்லாருக்கும் வெள்ளைத் துணிப் பித்து. அந்தத் தெருவில் மற்ற வீடுகளும் ஜுமைலா என்ன செய்கிறாரோ அதையே செய்யும். அவர் துணி நின்றால் தெருவே நின்றுவிடும். இது வெங்கிடாசலத்துக்கு நன்றாகவே தெரியும்.

மச்சான் முத்துவேலோடு போனில் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை பிறந்தது. முத்துவேல் இருப்பது நெய்வேலிக்குப் பக்கத்துக் கிராமம். லாரியிலிருந்து ரோட்டில் சிந்துகிற பழுப்பு நிலக்கரியை ஜனங்கள் பொறுக்கி அடுப்பெரிக்கிறார்களாம். வெங்கிடாசலத்துக்கு ரோஷம் பொங்கிவிட்டது. நம்ம ஊர் மண்ணுக்குக் கீழே கோடிக்கணக்கான டன் கிடக்கிறது, இன்னும் எத்தனையோ வருஷத்துக்குத் தாங்கும் என்று டிவியில் அவரே பார்த்திருக்கிறார்.

"ஊரு உலகத்துக்கே கரண்ட் குடுக்கிற கரி, எம் பொட்டியச் சூடாக்காதா?"

"அது பாய்லர்ல எரியற கரிங்க. வெள்ளத் துணி மேல வச்சு வெளையாடாதீங்க" என்றாள் பாக்கியலக்ஷ்மி. அவள் சொல்லி அவர் எந்தக் காலத்தில் கேட்டார்?

முத்துவேல் அனுப்பிய மூட்டை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. காய்ந்த சாணிபோல லேசாக, பழுப்பாக இருந்தது. உலர்த்தி, உடைத்து, பெட்டியில் போட்டுத் தன் கைலியை முதலில் தேய்த்துப் பார்த்தார். மடிப்பு கத்தி மாதிரி நின்றது. ஆனால் கைலி கரும்பச்சைக் கட்டம். அதில் எது பட்டாலும் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? அந்தப் புத்தி மட்டும் அவருக்கு வரவில்லை.

அடுத்த வாரம் ஜுமைலாவின் மகன் ரயீஸுக்கு நிக்காஹ். முப்பத்திரண்டு வெள்ளை உருப்படி வந்தது. சிரட்டைக் கரி ஒரு பிடி இல்லை. அடைமழை வேறு. நிலக்கரியை ரொப்பி, மழையிருட்டில் கண்ணெரிச்சலோடு தேய்த்து முடித்து, நிக்காஹுக்கு முந்தின நாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

துணிக்கட்டைப் பிரித்ததும் ஜுமைலா மூக்கைப் பொத்திக்கொண்டார். "யா அல்லா! அண்ணாச்சி, இதென்ன, வெடிமருந்துல முக்கினீங்களா?"

மாப்பிள்ளைச் சட்டையின் கழுத்தோரம் பூராவும் பழுப்புப் புள்ளி. வெங்கிடாசலம் சட்டையைக் கையில் வாங்கிக்கொண்டார். "தப்பாப் போச்சு இத்தா. நானே சரி பண்ணித் தரேன்" என்று அந்த வீட்டுக் கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டார். பாக்கியலக்ஷ்மியும் ஓடி வந்தாள். சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் எல்லாவற்றையும் கசக்கிப் பிழிந்து மெஷினில் உலர்த்தினார்கள்.

"இங்கயே வச்சுத் தேய்ங்க, நேரமில்ல" என்று ஜுமைலா தன் வீட்டுக் கரண்ட் பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

விசிற வேண்டாம், ஊத வேண்டாம், சாம்பல் தட்ட வேண்டாம். வெங்கிடாசலத்தின் கை பறந்தது. ஜுமைலாவின் மகள் ரஃபீனா பக்கத்தில் நின்று, கை எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். அப்புறம் கேட்டு வாங்கி இரண்டு வேட்டியைத் தானே தேய்த்தாள். நன்றாகவே தேய்த்தாள்.

ரயீஸ் சாயா கொண்டுவந்து கொடுத்தான். விஷயம் முழுக்கக் கேட்டுச் சிரித்துவிட்டான். "அண்ணாச்சி, இந்தப் பொட்டியில ஓடுறதும் பாதிக் கரிதான். நம்ம கேரளத்துக்கு வெளியேந்துதானே கரண்ட் வாங்குறாங்க. உங்க நெய்வேலியிலேந்தும் வருது."

வெங்கிடாசலம் சுவரில் செருகியிருந்த பிளக்கைப் பார்த்தார். சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த உருப்படியை எடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் முப்பத்திரண்டும் பால்போல அடுக்கப்பட்டுவிட்டது. கிளம்பும்போது ஜுமைலா வாசல்வரை வந்தார். அவர் முகத்தில் கோபம் துளியும் இல்லை. "கோவிச்சுக்கக் கூடாது அண்ணாச்சி. இனிமே துணிய வீட்டுலயே தேச்சுக்கறோம். ரஃபீனாவுக்கும் கை வந்துருச்சு. நாளைக்கு பிரியாணிக்கு ரெண்டு பேரும் வந்துரணும்."

"சரி இத்தா" என்றார். வேறென்ன சொல்வார்?

வண்டியில் மீதி மூட்டை மழையில் நனைந்து ஊறிக் கிடந்தது. எட்டி ஒரு உதை விட்டார். "நம்மூரு கரி எல்லா வீட்டுக்கும் கம்பியில ஒழுங்காத்தான் வருது பாக்கியம். எனக்கு மட்டும் மூட்டையில வந்துச்சு!"

தெருவிளக்கு எரிந்தது. பாக்கியலக்ஷ்மி தார்ப்பாய்க் கயிற்றைக் கம்பத்தில் இறுக்கிக் கட்டினாள். "நாளைக்கு நாலாவது மனு எழுதுங்க" என்றாள்.

"எழுதலாம். கட்டிட நம்பர்னு போட்ட எடத்துல என்னத்த எழுத?"

ஈர மூட்டையின் ஒரு முனையை அவள் பிடித்துத் தூக்க, மறுமுனையை அவர் பிடித்தார்.