பதினோராவது வழி

தவறான வழியில் போவதுதான் மணிமொழியின் வேலை. நந்தனத்தில், அண்ணா சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில், மூன்றாவது மாடியில் இருந்த வீடியோ கேம் நிறுவனத்தில் ஒன்பது வருடங்களாக அதைச் செய்துவந்தாள். திரையில் ஒரு திருடன் கோட்டைக்குள் நுழைவான். காவலாளிகள் கண்ணில் படாமல் போய் ஓலைப்பெட்டியை எடுக்க வேண்டும். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் நினைக்காத இடத்தில் அவன் ஏறுகிறானா, தாண்டுகிறானா என்று அவள் பார்ப்பாள். அப்படி ஏறினால் அது ஒரு 'பக்', ஆட்டத்தில் உள்ள தவறு; படம்பிடித்து எழுதி அனுப்புவாள். மறுநாள் அந்த இடம் அடைபட்டிருக்கும்.

அதற்கு முன்பு கோட்டூர்புரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்தாள். பையன்கள் தோற்றுவிட்டுப் போன ஆட்டங்களைக் கடை காலியான பிறகு முடித்துவைப்பாள். அவ்வளவுதான் தகுதி. இந்த வேலைக்கு வந்த பிறகு, குடும்பம் இருந்த ஆற்றோரத்து வீட்டை இடித்த அன்று லாரியில் ஏறச் சொன்னார்கள். ஏறினார்கள். லாரி பெரும்பாக்கத்தில் நின்றது. இறங்கிக்கொண்டார்கள். அங்கிருந்து நந்தனத்துக்கு இரண்டு பஸ். வேலையை அவள் விடவில்லை. வேறு எதுவும் தனக்கு இவ்வளவு நன்றாக வராது என்று அவளுக்குத் தெரியும்.

கோட்டையை வடிவமைத்தவர் கல்யாணராமன், மயிலாப்பூர்க்காரர். "உள்ள போறதுக்கு பத்து வழி வெச்சிருக்கேன். எதுல வேணா போகட்டும், ஆடறவா இஷ்டம்" என்று ஆரம்பத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஜனவரியில் வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடவிட்டார்கள். பாதிப் பேர் தோட்டத்தைத் தாண்டவில்லை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே சுற்றினார்கள். ஆட்டத்தை வெளியிடவிருந்த வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. ஒரு வழி போதும். அடுத்து எங்கே போவது என்று ஆடுகிறவன் யோசிக்கவே கூடாது.

பத்தில் ஒன்பதை அடைத்தார்கள். சரியாக அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கும் வேலை மணிமொழிக்கும் பாலகணேஷுக்கும். அவன் தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் மகன். கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் இங்கே வந்தவன்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவள் பதினோராவதைக் கண்டாள். யாரும் வைக்காத வழி. யானை லாயத்துச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் சந்து. காவலாளி இருமிவிட்டுத் திரும்பும் நேரத்தில் நுழைந்தால், தொட்டி விளிம்பில் ஏறி, கூரை வழியாக நேரே ஓலைப்பெட்டி அறை. நான்கு முறை போய் வந்தாள். எழுதி அனுப்பவில்லை. ஒன்பது வருடத்தில் அது முதல் தடவை. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

வியாழக்கிழமை டீக்கடையில் பாலகணேஷ் சொன்னான்.

"அக்கா, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தரத்தான் வெச்சுக்குவாங்களாம்."

"யாரு சொன்னது?"

"ஆபீஸ்ல கணக்கு பாக்குற பூஜாதான். இந்த ஆட்டத்துல யாரு எத்தனை பக் புடிச்சாங்கன்னு லிஸ்ட் எடுக்கிறாங்க. நீங்க பத்தொம்பது. நானும் பத்தொம்பது."

"நீ இன்னாத்துக்கு பயப்படுற? உங்கப்பாரு கடைல சீலை மடிக்க ஆளு தேடிக்கினு கீறாரு."

"அதுக்கு நம்ம ஆபீஸ் மாடிலேர்ந்து குதிச்சிடலாம்."

"குதி. அதுவும் ஒரு பக்குதான், எழுதி அனுப்பிடுவேன்."

அவன் சிரித்தான். பிறகு, "லாயத்துப் பக்கம் இன்னும் பாக்கலக்கா. இப்ப போய்ப் பாக்கணும்" என்றான்.

அவள் டீயைப் பாதியில் வைத்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடியும் ஏறி, மூச்சு வாங்கியபடியே அந்தச் சந்தைப் பற்றி எழுதினாள். படத்தைச் சேர்த்தாள். படிவத்தின் கடைசிக் கட்டம், எப்படிச் சரிசெய்யலாம் என்பது. அவளைப் போல ஆடிப் பார்க்கும் டெஸ்டர்கள் அதைக் காலியாக விடுவதுதான் வழக்கம். அவள் நிரப்பினாள். தொட்டியருகே ஒரு காவலாளியை நிறுத்தலாம். அவன் இருமக் கூடாது. திரும்பக் கூடாது.

பாலகணேஷ் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தான்.

"எப்பக்கா பாத்தீங்க இத?"

"இப்பதான்."

அவன் தன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை கல்யாணராமன் இருவரையும் அழைத்தார்.

"உக்காருங்கோ. ரெண்டு பேரும் ரொம்ப நன்னா பண்ணிட்டேள்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தத் திரும்பாத காவலாளி யோசனை இருக்கே, வெளிநாட்டுக்காராளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வெள்ளிக்கிழமையே எல்லா முனையிலயும் ஒண்ணொண்ணு நிறுத்தியாச்சு. இனிமே யாரும் எங்கயும் விலகிப் போக முடியாது. ஒரே வழில நடந்து பாக்க ஆள் எதுக்குங்கறா. புரோகிராம் ஒண்ணு எழுதிட்டா அதுவே தெனம் நடந்துட்டு வந்துடுமாம்."

"ரெண்டு பேருமா சார்?" என்றான் பாலகணேஷ்.

"ரெண்டு பேரும்."

மணிமொழி கேட்டாள். "அந்தத் தொட்டி சந்த நீங்க பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். நான் வெச்ச பத்தையும்விட அது நன்னா இருந்தது."

"அப்ப வுட்டிருக்கலாமே சார்."

"நீங்கதானே எழுதியிருந்தேள். காவலாளியை எங்க நிறுத்தணும்கறது முதக்கொண்டு."

ஆறு மணி வரை கம்ப்யூட்டர் திறந்திருக்கும் என்றார்கள். மணிமொழி தன் இடத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடங்கினாள். திருடன் லாயத்தை அடைந்தான். தொட்டியருகே புதுக் காவலாளி நின்றிருந்தான். இருமவில்லை. அவள் காத்திருந்தாள். திரும்பவில்லை. ஓர் அடி வைத்ததும் பிடித்துக்கொண்டான். ஆட்டம் முதல் வாசலுக்குத் திரும்பியது. தரையில் போக வேண்டிய திசையைக் காட்டும் அம்பு மின்னிக்கொண்டிருந்தது.

மறுபடி போனாள். மறுபடி வாசல்.

பாலகணேஷ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "போலாங்க்கா."

"நீ போ நைனா. இன்னும் முழுசா பாக்கல."

"என்னத்தக்கா பாக்குறீங்க?"

"எங்கனா ஒண்ணு கீதான்னு."

அவன் படியிறங்கிப் போனான். தோட்டம், மதில், மடைப்பள்ளி என்று அவள் ஒவ்வொரு முனையாகப் போனாள். ஒவ்வொரு முனையிலும் ஒருவன் நின்றான். எல்லோரும் அவள் எழுதிக் கொடுத்தபடியே நின்றார்கள்.

ஆறு மணிக்குத் திரை தானாக அணைந்தது. திருடன் அப்போது லாயத்துச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான்.