ஐந்தாம் லயமும் எதிர்க்கம்பத்துத் தபால் பெட்டியும்

போன சனிக்கிழமை காலை நடந்தது இது:

1. தெப்ராவிலிருந்து அக்கா கூலாயில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். கூடவே அவள் மகள் தர்ஷினி.
2. அக்கா வீட்டுக்குள் வரவில்லை. கேட்டில் பொருத்தியிருக்கும் தபால் பெட்டியைத் தன்னிடமிருந்த சாவியால் திறந்தாள்.
3. உள்ளே மின்சார பில், பீட்சாக் கடை விளம்பரம், குழாய் அடைப்பு எடுப்பவரின் அட்டை.
4. மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
5. "போன்லதான்மா வரும். எத்தன தடவ சொல்றது?" என்றாள் தர்ஷினி, காருக்குள் உட்கார்ந்தபடியே.
6. அக்கா மறுபடியும் பெட்டிக்குள் கையை விட்டு, பின்பக்கத் தகரம் வரை தடவிப் பார்த்தாள்.
7. பெட்டியைப் பூட்டினாள். என்னிடம், "பசியாறிட்டியா?" என்றாள்.

எதையும் எண் போட்டு எழுதுவது என் தொழில் தந்த வியாதி. செனாய் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் நான். ஒரு மின்சுற்றுப் பலகை பழுதானால் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதி, ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும். மளிகைச் சாமான் பட்டியலுக்கும் எண் போடுகிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். மேலே இருக்கும் ஏழில் ஆறாவதுதான் என்னை இரண்டு நாட்களாக விடவில்லை.

மழையில் நனைந்த தகரத்துக்கு ஒரு மணம் உண்டு. துருவும் ஈரக் காகிதமும் கலந்த மணம். அக்கா பெட்டியைத் திறந்தபோது அது என் மூக்கில் ஏறியது. எனக்கு நினைவு வந்தது பெட்டி அல்ல, பெரட்டு.

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பது. கூலாய்க்கு வெளியே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில், ஐந்தாம் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் ஐந்தாவது வரிசை வீட்டில், எட்டாம் கதவில் நாங்கள் இருந்தோம். அப்பா குலை வெட்டுபவர். நீளமான கம்பின் நுனியில் அரிவாள் கட்டி, அண்ணாந்து பார்த்தே கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவர். பள்ளி விடுமுறையில் அவருக்குத் தேநீர்ப் போத்தல் எடுத்துக்கொண்டு பெரட்டுக்களம் வரை போவேன். ஈர பூட்ஸ், மண்ணெண்ணெய், டிராக்டர் புகை. பெயர்களைக் கூப்பிட்டு முடித்ததும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சட்டைப் பைக்குள்ளிருந்து கடிதங்களை எடுப்பார். லயத்து வீடுகளுக்கென்று தபால்காரர் வந்ததில்லை. எல்லாம் தோட்டத்து ஆபீஸ் பெயரில் ஒரே பையில் வரும். ஆபீஸ் எழுத்தரான கிராணி பிரித்து மண்டோரிடம் கொடுப்பார். மண்டோர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். சும்மா கொடுக்கமாட்டார்.

"ராமையா, தங்காக்லேர்ந்து ஒன் மச்சான் மறுபடியும் எழுதிட்டான். என்ன கேக்கறான்னு நீ படிக்க வேணாம், நானே சொல்றேன்."

களமே சிரிக்கும். உங்களுக்குக் கடிதம் வந்தது உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நூறு பேருக்குத் தெரிந்திருக்கும். அதில் ஒரு பெருமையும் இருந்தது என்றே நினைக்கிறேன். அப்பா கடிதம் வாங்கும் நாளில் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார், அந்தக் கழுத்தோடு எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

சாலைக்கு அந்தப் பக்கம் எதிர்க்கம்பம். அது நாங்கள் வைத்த பெயர்; கம்பம் என்றால் மலாயில் கிராமம். சீனர்கள் இருந்த புதுக்கிராமம். அங்கேதான் சியூ லிங்கின் வீடு. இடைநிலைப்பள்ளியில் ஐந்து வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். அவர்கள் வீடும் பலகையும் தகரமும்தான். மழை பெய்தால் எங்களுக்கு இரண்டு இடத்தில் ஒழுகும், அவர்களுக்கு மூன்று. அவள் அப்பா லாரியில் மூட்டை ஏற்றினார், அம்மா வீட்டுக்குப் பின்னால் பயற்றங்காயும் கடுகுக் கீரையும் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனார். அந்த வீட்டு முன்னால் மரத்தூணில் ஒரு எண் பலகை. அதற்குக் கீழே, பிஸ்கெட் தகர டின்னை வெட்டி அவள் அப்பா செய்த தபால் பெட்டி. சிவப்பு அடித்திருந்தார். சிறுமியாக இருந்தபோது எனக்கு அது விளையாட்டுச் சாமான்போலத்தான் பட்டது. கையை விட்டால் எறும்பு கடிக்கும்.

அந்த எண் எப்படி வந்தது என்று சியூ லிங்கே ஒருமுறை சொன்னாள். வெள்ளைக்காரன் காலத்தில், கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், காட்டோரம் பயிர் செய்துகொண்டிருந்த அவள் தாத்தாவை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து முள்வேலிக்குள் விட்டார்கள். ஆளைக் கண்காணிக்கத்தான் வீட்டுக்கு எண் போட்டார்கள். அவர்களை யாரும் அன்பாக அழைத்துவந்து குடிவைக்கவில்லை. எங்கள் தாத்தாவையும்தான். அவரும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர். வேலி பிறகு போய்விட்டது. எண் தங்கிவிட்டது. எண்ணோடு வீட்டுமனைக்கு ஒரு காகிதம் வந்தது. காகிதத்தோடு தொலைபேசி, சந்தை லைசென்ஸ், அவள் அண்ணன் பழைய வேன் வாங்கக் கடன். ஒரு முகவரியில் இத்தனை ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

எங்கள் எட்டாம் கதவும் எண்தான். ஆனால் அது கம்பெனியின் எண். வேலை இருக்கும்வரை வீடு. அது தபால் நிலையத்துக்குத் தெரியாது, வங்கிக்கும் தெரியாது.

இனி அக்காவுக்கு வருகிறேன்.

அக்கா கலைவாணி என்னைவிட ஆறு வயது மூத்தவள். எங்கள் வீட்டில் கணக்கு வந்தது அவளுக்குத்தான். எனக்கு அவள் சொல்லிக்கொடுத்து வந்தது. பழைய ரேடியோவைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவிட்டு, எல்லாரையும் தரையில் உட்கார்ந்து சாப்பிட வைப்பாள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்து, பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமாவுக்கு மனுப் போட்டாள். முகவரி என்ற இடத்தில், எங்கள் லயத்தில் எல்லாரும் எழுதுவதுபோல, அப்பா பெயர், மேற்பார்வை கிராணி, தோட்டத்து ஆபீஸ் என்று எழுதினாள்.

அந்த வருடம் தோட்டம் கைமாறியது. புதுக் கம்பெனி ஒப்பந்த ஆட்களைக் கொண்டுவந்தது. அப்பாவையும் ஒப்பந்தத்தில் மாற்றினார்கள். ஒப்பந்த ஆட்களுக்குப் பெரட்டு கிடையாது. லாரி வரும், ஏறிக்கொள்ள வேண்டும். ஆபீஸைப் பூட்டிவிட்டு, அரை மணி மோட்டார் சைக்கிள் தூரத்தில் இருக்கும் பெரிய டிவிஷன் ஆபீஸுக்குக் கணக்குகளைக் கொண்டுபோனார்கள். தபால் பையும் அங்கேதான் போனது.

நாங்கள் காத்திருந்தோம். இதை இப்போது எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. அக்காவின் வகுப்புத் தோழிக்குக் கடிதம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். அப்போதும் காத்திருந்தோம். தனக்கு இடம் கிடைக்கவில்லை என்று அக்கா முடிவு செய்துகொண்டாள். ஆபீஸில் போய்க் கேட்கலாம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆபீஸ் என்பது கூப்பிட்டால் போகிற இடம். ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுகிற இடம். மூன்று தலைமுறையாகக் கடிதம் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே வந்திருக்கிறது. கூப்பிடுவது நின்றுபோனதை, கடிதமே நின்றுபோனதாக எடுத்துக்கொண்டோம்.

சேமநிதிக் காகிதம் ஒன்றுக்காக அப்பாவைப் பெரிய டிவிஷனுக்கு வரச் சொன்னார்கள். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். வேலை முடிந்து கிளம்பும்போது புதுக் கிராணி, "ஐயா, ஒங்க லயத்துக் கடிதமெல்லாம் இங்க கெடக்கு," என்று ஒரு டிராயரைத் திறந்தார். ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. அதில் நான்காவது அக்காவுடையது. அப்பா என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது, ஆனால் பதிவு செய்ய வேண்டிய தேதி போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

அப்பா கோபப்படவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"யாரும் வந்து கேக்கலியே," என்றார் கிராணி. அவர் பொய் சொல்லவில்லை.

அன்று மாலை அப்பா கடிதத்தை அக்காவிடம் கொடுத்து, அடுத்த வருசம் போட்டுக்கலாம்மா என்றார். அக்கா தேதியைப் பார்த்தாள். மழை வருகிறது என்று சொல்லி, கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனாள். மழை வரவில்லை. மறுநாள் அப்பாவும் அவளும் பாலிடெக்னிக்குக்கு நேரில் போய்க் கேட்டார்கள். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அடுத்த வருடம் வருவதற்குள் லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அக்கா தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்திருந்தாள். பலகையில் பாகங்களைப் பொருத்தும் வேலை. வீட்டில் எல்லாரும் அவளுக்குப் பொருத்தமான வேலை என்றார்கள்.

ஆறு வருடம் கழித்து என் முறை. அதற்குள் மூன்று வாடகை வீடு மாறியிருந்தோம். சியூ லிங்கின் அடுக்களையில் இருவரும் மனு நிரப்பிக்கொண்டிருந்தோம். முகவரிக் கட்டத்தில் என் பேனா நின்றது. பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவள் அம்மா எட்டிப் பார்த்தார். அவருக்கு மலாய் படிக்கத் தெரியாது, சந்தை மலாய் பேசத்தான் தெரியும். ஏன் எழுதவில்லை என்று மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, என்னிடம் சொன்னார்:

"பாக்காய் சாயா புஞா அலாமாட் லா."

என் முகவரியைப் போட்டுக்கொள். ஏதோ குடையைக் கொடுப்பதுபோலச் சொல்லிவிட்டு மறுபடி நறுக்கத் தொடங்கினார்.

என் பெயர் எப்படி இருக்கும் என்று மட்டும் மகளிடம் கேட்டு அடையாளம் வைத்துக்கொண்டார்; அது எழுதிய உறை எது வந்தாலும் ஸ்கூட்டரில் கொண்டுவந்துவிடுவார். எது முக்கியம் என்று படிக்கத் தெரியாததால் எல்லாமே முக்கியம் அவருக்கு. ஒருமுறை ஷாம்பு விளம்பரத்தை மழைக்கோட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தார். உண்மையான கடிதம் வந்த மதியம் நான் வீட்டில் இல்லை. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அக்காதான் எழுந்து வாங்கினாள். அதே பாலிடெக்னிக் முத்திரை. அவள் திறக்கவில்லை. நான் வந்ததும் சாமித் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"தேதிய மொதல்ல பாரு," என்றாள்.

பதினேழு நாள் இருந்தது. நான் டிப்ளோமா படித்தேன், பிறகு பட்டம். இப்போது அக்கா மாதிரி ஆட்கள் பொருத்தும் பலகைகளில் பழுது தேடுகிறேன்.

தொழிற்சாலை கேன்டீனில் சுரேஷ் என்று ஒரு தமிழ் நண்பர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது இதைச் சொல்வார்: "சீனன் ஒழைப்பான், நம்மாளு குடிப்பான். அவ்ளோதான் கணக்கு." நான் வழக்கமாகச் சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பேன். எங்கள் லயத்தில் ஐந்து மணிக்கு மேல் யாரும் படுத்திருந்ததில்லை. குடித்தவர்கள் இருந்தார்கள், மறைக்கவில்லை. எதிர்க்கம்பத்திலும் சியூ லிங்கின் சித்தப்பா நம்பர் லாட்டரி எழுதியே கடன்பட்டு வீட்டை விட்டு ஓடினார். எங்கள் பழைய கிராணியின் மகன் டாக்டர். ஆபீஸுக்குப் பக்கத்திலேயே அவர்கள் வீடு. கிராணி வீட்டுக் கடிதம் பெரட்டுக்கு வர வேண்டியதில்லை.

ஒரு தபால் பெட்டியால் இரண்டு சமூகங்கள் வேறு வேறாக ஆனதை விளக்கிவிட முடியாது. பள்ளி, சங்கம், கோட்டா, கடைத்தெரு, சொந்தக்காரர்கள் என்று பட்டியல் போகும். ஒரே காரணத்தோடு யாராவது அறிக்கை கொண்டுவந்தால் நானே திருப்பி அனுப்புவேன். ஆனால் சோதனையில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும் இரண்டு மாதிரிகள் கிடைப்பது அபூர்வம். அக்காவும் நானும் அப்படி. அதே அப்பா, அதே ஒழுகல், அதே பாடம். சொல்லப்போனால் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. முகவரி மட்டும் வேறு. இதை நான் அவளிடம் ஒருமுறைதான் பேச எடுத்தேன். "அத எதுக்கு இப்ப?" என்றாள். அதோடு விட்டேன்.

இப்போது மேற்படிப்புக்கு மனுப் போடுவது தர்ஷினியின் முறை. எல்லாம் இணையம்தான். ஆனாலும் அக்கா மனுவில் என் வீட்டு முகவரியைத்தான் போடச் சொன்னாள். அவள் இருப்பது வாடகை அடுக்குமாடி. கீழே நூறு பெட்டி, பாதிக்குக் கதவு இல்லை. நான் வீடு வாங்கியபோது பெட்டிக்கு இரண்டு சாவி தந்தார்கள். ஒன்றை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் அது ஏன் என்று கேட்கவில்லை.

இன்றைய நிலை இது. ஐந்தாம் லயம் இருந்த இடத்தில் இரண்டு மாடி வீடுகள். பெரட்டுக்களத்தில் ஒரு சாலை வட்டம், நடுவே புல். பெயர் சொல்லிக் கடிதம் கொடுத்த மண்டோர் இறந்துவிட்டார். எதிர்க்கம்பத்தில் சியூ லிங்கின் அம்மா தனியாக இருக்கிறார். பிள்ளைகள் சிங்கப்பூரில். சிவப்பு டின் துருப்பிடித்துக் கீழ்ப்பக்கம் போய்விட்டது. கடிதம் போட்டால் தரையில் விழும், போடுபவர் யாரும் இல்லை. தர்ஷினியின் முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் போனில் வரும். பெட்டியின் ஒரு சாவி என்னிடம் இருக்கிறது, மற்றொன்று அக்காவிடம். வரும் சனிக்கிழமையும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.