வேம்பின் பன்னிரண்டு அடி

இனாயத்துக்கு ஐம்பத்தாறு வயது. பட்டினப்பாக்கத்தில் சின்ன மரப்பட்டறை. பட்டது, சீக்கு வந்தது என்று ஊர் கழித்துப்போடும் மரங்களில் நல்ல பலகை தேறுமா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே சொத்தை எதுவரை என்று சொல்லிவிடுவார்.

போன வருஷம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வேப்பமரம் காய்ந்துபோனது. அடியில் காளான். விழுந்துவிடும் என்று வெட்ட முடிவு செய்து, சங்கச் செயலாளர் விஜயராகவன் இனாயத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அடியில மூணு அடிதான் சார் சொத்தை. அதுக்கு மேல பன்னெண்டு அடி கல்லாட்டம் கீது. சாச்சுட்டு அப்படியே உடுங்க. காலைல எட்டு மணிக்கு வந்து முழுசா தூக்கினு போறேன்."

"தாராளமா எடுத்துக்கோங்கோ பாய். வியாதி வந்த மரம் எங்களுக்கு எதுக்கு?"

ஏணி வைத்து ஏறி, அந்தப் பன்னிரண்டு அடிக்கு மேலும் கீழும் சாக்பீஸால் கோடு போட்டு, நடுவில் 'வெட்டாதே' என்று எழுதிவிட்டு வந்தார்.

மறுநாள் மினி லாரியோடு போனவர் கேட்டிலேயே நின்றுவிட்டார். மரம் இரண்டிரண்டு அடித் துண்டுகளாகக் கிடந்தது. 'வெட்டா' ஒரு துண்டில், 'தே' இன்னொன்றில்.

"யாரு சார் அறுக்கச் சொன்னது?"

"நான்தான். கார் நிறுத்த இடமில்லைன்னு எல்லாரும் கத்திண்டிருந்தா. நீங்களும் வரலை."

"எட்டு மணின்னு சொன்னேன். இப்ப ஏழரை!"

"வியாதி மரம்தானே, எதுக்கு இவ்வளவு கோபம்?"

"வியாதி காலுக்கு சார். நீங்க கழுத்தை அறுத்துக்கீறீங்க. இத்தினி வருசம் உங்க காருக்கு நெழல் குடுத்துச்சே, அரை மணி நேரம் பொறுக்க முடியலியா?"

பால்கனிகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. இனாயத் குரலைத் தாழ்த்தவில்லை. சத்தம் கேட்டு இறங்கிவந்த விஜயராகவனின் மனைவி சந்திரிகா, துண்டுகளின் சிவப்பைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இதுல எங்காத்துக்கு ஒரு ஊஞ்சல் பலகை வருமா பாய்?"

"நேத்து கேட்டிருந்தா வந்திருக்கும்மா. இன்னிக்கு செருப்பு ஸ்டாண்டுதான் வரும்."



இனாயத் துண்டுகளை ஏற்றிவந்து நிழலில் காயவைத்தார். பாதி வெடித்துப்போயின. மீதியில் பத்தொன்பது குட்டி முக்காலிகள் தேறின. எல்லாவற்றையும் பக்கத்துத் தெரு பால்வாடிக்குக் கொடுத்துவிட்டார். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. அதற்குப் பிறகு எங்கே மரம் சாய்ந்தாலும், லாரி வரும்வரை அடிமரத்தின்மேலேயே உட்கார்ந்துகொள்கிறார். எழுந்திருக்கச் சொல்பவர்களிடம், "என்னையும் சேத்து அறுத்துக்கோ" என்கிறார்.