புளி தட்டிய பீரங்கிக் குண்டு

வெள்ளைக்காரன் காலத்துக் குண்டுக்கும் தோட்டாக் கூட்டுக்கும் வயசு சொல்கிற தொழிலில் சரக்கு தொந்தரவு செய்யாது, கொண்டுவருகிறவர்கள்தான் உயிரை எடுப்பார்கள். பட்டாளத்து வெடிமருந்துக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்று கணியம்பாடியில் உட்கார்ந்தேன். ஜவ்வாது மலையில் யாருக்கு எது கிடைத்தாலும் என் தலையில்தான் விழுகிறது. கல்யாண வீட்டில் நாக்கை நீட்டிக் காட்டுகிறவர்களிடம் மாட்டிக்கொண்ட டாக்டர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

பூச்சாடி

திருப்பத்தூர் மளிகைக்கடைக்காரர் ஒருவர் பீரங்கித் தோட்டாவின் பித்தளைக் கூடு ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் வீட்டில் அது பூச்சாடி. அடித்தட்டின் நடுவே சுடும்போது ஊசி குத்திய பள்ளம் இருந்தது. சுட்டு முடித்த காலிக்கூடு, பயமில்லை. அந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான் செய்த வருஷம் பொறித்திருக்கும். தடவினால் வழவழ! தீபாவளிக்குத் தீபாவளி புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். எனக்கு வந்ததே கோபம்! அவர் பாவமாகச் சொன்னார்: “அழுக்குன்னு நெனச்சித் தேச்சிட்டோம் சார், அதுல வயசு இருக்கும்னு யாரு கண்டா!”

வேல்

ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு கோயிலில் அதே மாதிரிக் கூடு மணியாகத் தொங்கியது. ஏணி வைத்து ஏறினேன். அடித்தட்டில் ஓர் அம்புக்குறி, அதன்மேல் அப்பிய குங்குமம். “இது பிரிட்டிஷ் சர்க்கார் தன் சொத்துக்குப் போடுற முத்திரைங்க” என்றேன். பூசாரி அசரவில்லை. “வெள்ளக்காரன் போட்டா இன்னாங்க, வேல் வேல்தான்.”

காசியம்மா

இறங்கியதும் கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக் காசியம்மா கூப்பிட்டார். “எங்கூட்டுதயும் பாத்துட்டுப் போங்க.” பேசிக்கொண்டே கொட்டை எடுக்கப் புளியம்பழத்தை கூர்மூக்கு வைத்த ஓர் இரும்புக் குண்டால் நங்கு நங்கென்று தட்டினார். சாமைக் கொல்லை உழும்போது கிடைத்ததாம். குண்டைச் சுற்றிய செப்பு வளையத்தில் பீரங்கிக் குழாயின் கீறல்கள். ஆக, சுட்ட குண்டு. ஆனால் மூக்கில் வெடிக்க வைக்கும் திருகு அப்படியே இருந்தது. ஆக, இன்னும் வெடிக்காத குண்டு!

கத்தினேன்: “அம்மா, தட்டாதீங்க! அலுங்காம புளி மேலயே படுக்க வச்சிட்டு வெளிய வாங்க!”

“இன்னும் ஒரு கூடை புளி கெடக்குதுங்களே” என்றார். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

போலீஸ் வந்து தெருவையே காலி செய்தது. நிபுணர்கள் குண்டை ஊருக்கு வெளியே பள்ளத்தில் வைத்து வெடிக்க வைத்தார்கள். மலையே அதிர்ந்தது. காசியம்மா என்னைத்தான் முறைத்தார்: “நான் தட்டுன வரைக்கும் சும்மாதான் கெடந்துச்சி. நீங்க வந்து வயசு கேட்டீங்க, அதுக்குக் கோவம் வந்துடுச்சி!”

அன்றிலிருந்து யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது, “அதை வச்சி இப்ப இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?” என்பதைத்தான்.