முத்தையா அண்ணையின் பீடி

மனநோய் இல்லத்துச் சமையல்காரிக்குச் சோறு சமைக்கிறது லேசு, பீடி பங்கிடுகிறதுதான் பாடு. மல்லாவிப் பக்கமுள்ள எங்கள் இல்லத்தில் பீடி போட்ட தகரப் பேணி என் குசினி அலுமாரியில்தான் இருக்கும். வீட்டில் புகைக்கிற மனுசனோடு அந்தரப்படுகிற சகோதரிகளே, எனக்கு அப்படிப் பதினொரு பேர்.

அதில் முத்தையா அண்ணை, மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். காதில் குரல் கேட்கிற வருத்தம். மருந்தால் இப்போது நல்ல சுகம். தங்கச்சி வீட்டுக்குப் போக ஆசை. ஆனால் அங்கே கைக்குழந்தைக்கு மூச்சிழுப்பு. "பீடிய விட்டாத்தான் கூட்டிப் போவேன்" என்று தங்கச்சி சொல்லிவிட்டா. டொக்டர் ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொன்னார்.

அறிவித்தல்

குசினி வாசலில் தொங்கவிட மட்டையில் ஓர் அறிவித்தல் எழுதினேன். 'பத்தாதே' என்றால் மரியாதையில்லை. 'பத்தாதேங்கோ' எழுத இடமில்லை. "இங்கே பீடி பத்தாது" என்று முடித்துவிட்டேன். எங்கள் பேச்சில் பத்துவது என்றால் புகைப்பது. போதாவிட்டால் 'காணாது' என்போம். அண்ணையின் மலைநாட்டுப் பேச்சில் அதுதான் 'பத்தாது'. விரலை வைத்து வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"நானும் அதத்தான் சொல்றேன் அம்மா, பத்தல. நாளையிலருந்து ரெண்டு சேத்துக் குடுங்க."

குரல்

ஐந்து பீடி மூன்றான கிழமை, குசினி வாசலில் வந்து நின்றார். "காதுல 'ஒண்ணு குடி, ஒண்ணு குடி'ன்னு சொல்லுதும்மா."

நர்சுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். "அம்மா விடமாட்டா எண்டு அதுக்குச் சொல்லுங்கோ அண்ணை."

குடித்து முடித்தார். தலையைச் சாய்த்துக் கொஞ்சநேரம் கேட்டார். பிறகு கோப்பையை நீட்டினார்.

"சொல்லிட்டேன். அதுக்கும் ஒரு டீ வேணுமாம்."

மச்சான்

பீடியில்லாமல் இரண்டு மாதம் போனது. டொக்டரும் ஓம் என்றார். தங்கச்சியும் புருஷனும் ஓட்டோவில் வந்தார்கள். வெள்ளைச் சேட்டும் பையுமாக விடியவே காத்திருந்த அண்ணை, ஏறி மச்சானுக்குப் பக்கத்தில் இருந்தார். மச்சானின் சேட்டை மோந்து பார்த்தார். பையோடு இறங்கிவிட்டார். இவ்வளவு பாடுபட்டும் போகமாட்டாரோ என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னண்ணே?" என்று தங்கச்சி பதறினா.

"புள்ளைக்கு இழுப்பு இருக்கிற வீட்டுல இவரு பீடி குடிக்கிறாரு. மச்சான இங்க விட்டுட்டு நாம போவோம். அம்மா கொறச்சிக் குடுப்பாங்க."

மச்சான் தன் பீடிக்கட்டை என் கையில் தந்த பிறகுதான் அண்ணை ஏறினார், ஓட்டோ வெளிக்கிட்டது. ஓராளுக்காகக் கும்பிட்டால் பிள்ளையார் இன்னோராளின் பீடியையும் சேர்த்து என் தலையில் கட்டிவிடுகிறார்.