பால் சட்டி தெரியும், கூலன்ட் தொட்டி தெரியாது

சங்கரன்கோவிலில் டீக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர் என்பதால், குழாயில் உப்பு படியாமலிருக்க, தண்ணீருக்குப் பதில் கூலன்ட் என்ற திரவம் சுற்றும் சோலார் ஹீட்டர் போட்டோம். குறையக் கூடாதென்று கூலன்ட் தொட்டியை நானே விளிம்புவரை நிரப்பினேன். வெயில் ஏறியதும், அழுத்தம் கூடினால் திறக்கும் வால்வு ஒழுகியது. புது வால்வு மாட்டினேன், அதுவும் ஒழுகியது. ஆத்திரத்தில் ஒரு கட்டையைச் செதுக்கி அதன் வாயில் அடிக்கப் போனேன். நல்லவேளை, ஹீட்டர் மெக்கானிக் வந்துவிட்டார்.

"அடைச்சா தொட்டியே வெடிச்சிரும் அண்ணாச்சி. தண்ணிய விட கூலன்ட் சூட்டுல கூடுதலா விரியும். பால் சட்டியில விளிம்பு வரைக்குமா ஊத்துவிய?"

தினமும் பால் காய்ச்சுகிற நான் கட்டையைக் கீழே போட்டேன்.

இப்போது கூலன்ட் ஊற்றும்போது, தொட்டியில் அவர் கிழித்த கோட்டோடு நிறுத்திவிடுகிறேன். டீ கிளாஸிலும் அப்படியே இடம் விட்டுப் பார்த்தேன். அதற்கு விஞ்ஞானம் கேட்க வாடிக்கையாளர்கள் தயாராக இல்லை.